அந்தப் பையனைப் போக விடுங்கள்

சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டுச் சாப்பாட்டின்போது தொடங்கிய பேச்சு இது. கை கழுவிய பிறகும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது வட கரோலினாவில், கேரி என்ற ஊரில். அரை மணி நேரம் கார் ஓட்டினால் டர்ஹமில் டியூக் பல்கலைக்கழகம். ஏறக்குறைய அதே தூரத்தில் சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகம். கல்லூரிக் கூடைப்பந்து இங்கே திருவிழா மாதிரி. மார்ச் மாதம் முழுக்க ஊரே அதைத்தான் பேசும். ஏப்ரல் வந்ததும் பேச்சு மாறும்: யார் கல்லூரியிலேயே தங்குகிறார்கள், யார் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்பிஏ டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கிறார்கள்? என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதன் அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுதான் டிராஃப்ட்.

அன்றைக்கும் அதே பேச்சுதான். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரே ஓர் ஆண்டு ஆடிவிட்டுக் கிளம்புகிறான். "ஒரு டிகிரியைக்கூட முடிக்கவில்லை, அதற்குள் பணத்தாசை" என்றார் ஒருவர். நான்கு பேர் தலையாட்டினார்கள். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீதான் அவனுக்குப் பரிந்து பேசுகிறாய். உன் பிள்ளையாக இருந்தால் விடுவாயா?"

அவருக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கோபத்தில் வார்த்தை தடுமாறியது.

முதலில் இப்படிச் சீக்கிரம் போகும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். மிசிசிப்பியில் பருத்தி பறித்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் ஸ்பென்சர் ஹேவுட். 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியின் முக்கிய வீரர். பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் ஆனால்தான் என்பிஏவில் ஆடலாம் என்பது அந்தக் காலத்து விதி. அந்த விதிக்கு எதிராக அவர் நீதிமன்றம் போனார். 1971இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஆடும் உரிமையைப் பெற்றார். அதன் பிறகு என்பிஏ என்ன செய்தது தெரியுமா? குடும்பக் கஷ்டத்தை நிரூபிப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே வரலாம் என்று சில ஆண்டுகளுக்கு ஒரு விதி வைத்தது. தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட அவமானம் என்று நான் விளக்கத் தேவையில்லை. வேலை செய்து சம்பாதிக்க ஒரு மனிதன் தன் ஏழ்மையை மேசை மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

பிறகு கதவு அகலமாகத் திறந்தது. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரயண்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் எல்லோரும் பள்ளியிலிருந்து நேராக வந்தார்கள். என்பிஏவும் வீரர்கள் சங்கமும் செய்துகொண்ட 2005 ஒப்பந்தத்தில் மறுபடியும் கதவைப் பாதி சாத்தினார்கள். வயது 19 ஆக வேண்டும், அமெரிக்கப் பையன் என்றால் பள்ளி முடித்து ஓர் ஆண்டும் கழிய வேண்டும். அந்த ஓர் ஆண்டைப் பெரும்பாலானோர் கல்லூரியில் கழித்தார்கள். ஒரே ஆண்டு, அதுவும் விதிக்காக. அதைப் படிப்பு என்று சொல்வது படிப்பையே அவமதிப்பது.

2019 பிப்ரவரி 20ஆம் தேதி இரவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. டர்ஹமில் டியூக்கும் வட கரோலினாவும் மோதிய ஆட்டம். அரங்கில் முன்னாள் அதிபர் ஒபாமா உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறியிருந்தன. ஆட்டம் தொடங்கி 36 விநாடி ஆவதற்குள் டியூக் வீரர் ஸயன் வில்லியம்சனின் காலணி பிய்ந்தது, கால் வழுக்கியது, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த வருட டிராஃப்டில் முதல் பெயர் அவருடையதுதான் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த நேரம். அரங்கில் இருந்த அத்தனை பேருடைய பணமும் அந்த முழங்காலை நம்பித்தான் புரண்டது. அதற்குச் சொந்தக்காரருக்கு மட்டும் சம்பளம் கிடையாது. நல்ல வேளையாகச் சுளுக்கோடு போயிற்று. சில வாரங்களில் திரும்பி வந்து ஆடினார், ஜூனில் முதல் ஆளாகத் தேர்வானார். அந்த விநாடியில் தசைநார் அறுந்திருந்தால், "இன்னும் மூன்று வருடம் தங்கு" என்று சொன்னவர்களில் யார் அவருக்கு ஈடு கொடுத்திருப்பார்கள்?

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. என் அண்ணன் கல்லூரி அணியில் ஆடியவர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். இரண்டாம் ஆண்டில் அவருக்கு ஒரு நிறுவனத்தின் அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருவதாகப் பேச்சு வந்தது. "டிகிரி முடியட்டும், வேலை எங்கே ஓடிவிடப் போகிறது" என்றார் அப்பா. வேலை ஓடவில்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு கல்லூரிப் போட்டியில் அண்ணனின் இடது முழங்கால் போயிற்று. அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்த பி.காம்.தான் அவருக்குச் சோறு போட்டது என்று அப்பா கடைசி வரை சொன்னார். அதுவும் உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அண்ணன் இருபத்தெட்டு வருடமாக எந்த மைதானத்துப் பக்கமும் போவதில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

"படிப்பு முக்கியமில்லையா?" என்று கேட்பீர்கள். முக்கியம். நான் இந்த நாட்டுக்கு வந்ததே படிப்பால். அதனால்தான் கேட்கிறேன், இந்தப் பையன்களுக்கு அங்கே கிடைத்தது என்ன படிப்பு? எங்கள் சேப்பல் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது இது: 18 ஆண்டுகளாக ஒரு துறையில் காகிதத்தில் மட்டும் வகுப்புகள் நடந்திருக்கின்றன. ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், நல்ல மதிப்பெண். 3,100 மாணவர்களுக்கு மேல் அதில் பெயர் பதிந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். ஆட்டத்துக்குத் தகுதி இழக்காமல் இருக்க அவர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்சிஏஏ 2017இல் என்ன முடிவு சொன்னது? அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே தண்டனை இல்லை. எனக்கு அன்று வயிறு எரிந்தது. உழைப்பை எடுத்துக்கொண்டு கல்வி தருகிறோம் என்று சொன்னார்கள். அந்தக் கல்வியையும் ஏமாற்றினார்கள். இதற்குப் பிறகும் ஒரு பையனைப் பார்த்து "படிப்பை மதிக்காமல் போகிறாய்" என்று சொல்ல யாருக்கு வாய் வருகிறது?

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் தேசியக் கோப்பையை வென்றது. அந்த அணியின் நட்சத்திரம் ஷபாஸ் நேப்பியர், சாப்பாட்டுக்குப் பணமில்லாமல் பட்டினியோடு படுத்த இரவுகள் உண்டு என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான் அந்தப் போட்டியின் தொலைக்காட்சி உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றிருந்தது. அவர் பேசிய சில நாட்களுக்குள் வீரர்களுக்கு வேண்டிய அளவு சாப்பாடு கொடுக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். சாப்பாடு கொடுக்க விதி தேவைப்பட்டது!

எதிர்ப்பக்கம் சொல்லும் பெயர்கள் எனக்கும் தெரியும். 1998இல் பள்ளியிலிருந்து நேராக வந்த கொர்லியோன் யங் 40ஆவது ஆளாகத் தேர்வாகி, டெட்ராய்ட்டுக்காக மூன்றே ஆட்டங்கள் ஆடினார், அத்தோடு என்பிஏ முடிந்தது. நம் பஞ்சாபின் சத்னாம் சிங், டிராஃப்டில் பெயர் வந்த முதல் இந்தியர். கல்லூரிக்குப் போகாமல் 2015இல் 52ஆவது ஆளாக டல்லாஸ் எடுத்தது. அவரால் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்க முடியவில்லை. குவாமி பிரவுனையும் எல்லோரும் இழுப்பார்கள். 2001இல் பள்ளியிலிருந்து நேராக முதல் இடத்தில் தேர்வாகி, எதிர்பார்த்த அளவு ஆடாதவர். ஆனால் அவர் 12 பருவங்கள் என்பிஏவில் ஆடினார். பன்னிரண்டு பருவம் ஒரு தொழிலில் நின்றவரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யங் போன்றவர்களின் கதையில் எனக்கு வலிப்பது வேறு. எந்த இடத்தில் தேர்வாவோம் என்று அந்தப் பையன்களுக்கு உண்மையைச் சொன்னவர் யார்? டிராஃப்டில் இரண்டு சுற்று, மொத்தம் அறுபது இடம். முதல் முப்பதில் வந்தால் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. முப்பத்தொன்றாவது பெயருக்கு அந்த உறுதி கிடையாது. ஒரே ஓர் இடம் தள்ளிப் போனாலும் வாழ்க்கை மாறுகிறது. கூட இருப்பவர்களோ "நீ முதல் பத்துக்குள் வருவாய்" என்று காதில் ஓதிக்கொண்டே இருப்பார்கள். மாமாவும் பழைய பயிற்சியாளரும் முகவராக ஆசைப்படுகிறவரும் அதில் சேர்த்தி. உண்மையைச் சொல்ல ஒரு வழி இல்லாமலும் இல்லை. கல்லூரி வீரர் கேட்டால், எந்த இடத்தில் எடுக்கப்படலாம் என்று என்பிஏ அணிகளின் ஆட்களைக் கொண்ட ஒரு குழு கருத்துச் சொல்லும். பெயர் கொடுத்துவிட்டு, குறித்த நாளுக்குள் விலக்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பவும் முடியும். அந்தக் கருத்தைப் பையனோடு அவன் அம்மாவும் உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் சொல்லிக் கேட்டால் போதாது.

பட்டத்துக்கு வருகிறேன். மைக்கேல் ஜோர்டன் மூன்றாம் ஆண்டோடு சேப்பல் ஹில்லை விட்டுப் போனார், 1986இல் புவியியலில் பட்டத்தை முடித்தார். ஷாக்கில் ஓ'நீல் 1992இல் போனார், 2000இல் முடித்தார். ஸ்டீபன் கரி 2009இல் டேவிட்சன் கல்லூரியை விட்டுப் போனவர் 2022இல் முடித்தார். பட்டம் பெறாதவரின் சட்டை எண்ணை, இனி யாரும் அணியாதபடி ஒதுக்கி வைத்து மரியாதை செய்வதில்லை என்பது அந்தச் சின்னக் கல்லூரியின் வழக்கம். உலகமே கொண்டாடும் வீரருக்காகக்கூட அவர்கள் அதை மாற்றவில்லை. அவரும் மாற்றச் சொல்லவில்லை, படித்தார். அந்தக் கல்லூரி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வேறொரு கல்லூரியில் நான்கு ஆண்டும் இருந்து முடித்த பிறகே என்பிஏவுக்குப் போன டிம் டங்கன் மேலும் அதே மரியாதை. அவரது தாயார் புற்றுநோயில் இறந்துபோனார், பட்டம் வாங்குவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக அவர் பணத்தைத் தள்ளி வைத்தார். ஆனால் அது அவர் எடுத்த முடிவு. அதை அடுத்தவன் தலையில் சட்டமாகக் கட்டக் கூடாது.

வின்ஸ் கார்ட்டரின் கதை இன்னும் கசப்பானது. அவரும் சேப்பல் ஹில் மாணவர், மூன்றாம் ஆண்டோடு 1998இல் போனவர், விடாமல் படித்து முடித்தார். பட்டமளிப்பு 2001 மே 20 காலை. அன்றே பிலடெல்பியாவில் அவருடைய டொராண்டோ அணிக்குத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். காலையில் அங்கி அணிந்து பட்டமளிப்பில் கலந்துகொண்டு, விமானம் ஏறிப் போய் ஆடினார். கடைசி விநாடியில் அவர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. 88–87, ஒரு புள்ளியில் தோல்வி. உடனே கிளம்பிற்று வசவு: இந்த நாளில் பட்டம் வாங்கப் போக வேண்டுமா? படிக்காமல் போகிறான் என்று திட்டும் அதே ஊர், படித்து முடித்தவனையும் திட்டியது. அன்றிலிருந்து இந்த உபதேசத்தை நான் நம்புவதில்லை.

2021க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிரலாம். விளைவு? 2021இல் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 350க்கு மேல். 2025இல் 106 பேர். நாற்பது ஆண்டு உபதேசத்தால் ஆகாததைச் சம்பளம் நான்கே ஆண்டில் செய்தது. அவர்கள் படிப்பை வெறுத்து ஓடவில்லை. பேராசையிலும் ஓடவில்லை. வீட்டு வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும் பணம் தேடிப் போனார்கள். இருந்த இடத்திலேயே அது கிடைத்தபோது இருந்துவிட்டார்கள்.

இப்போது எனக்கு இருக்கும் பயம் வேறு மாதிரி. பணத்துக்காக ஆண்டுக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள். அங்கே படித்த பாடங்களில் சில இங்கே செல்லாமல் போகலாம். நான்கு ஆண்டு இருந்தும் நான்கு ஊர் மண் ஒட்டியதுதான் மிச்சம், பட்டம் இல்லை என்று ஆகிவிடலாம். சீக்கிரம் போனவனைக் கண்டிக்கச் செலவழித்த மூச்சில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம். ஒரு கல்லூரிக்காக இரண்டு ஆண்டு ஆடினவனுக்கு, முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ திரும்பி வந்தாலும் கட்டணமில்லாமல் படிப்பை முடிக்க எழுத்தில் உரிமை வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இப்படி ஏற்பாடு வைத்திருக்கின்றன. எல்லாரும் வைக்க வேண்டும். காயம் பட்டவனுக்கு முதலில்.

ஐயா, உங்களுக்கு நான் தர வேண்டிய பதில் பாக்கி இருக்கிறது. என் பிள்ளையாக இருந்து, முதல் முப்பதுக்குள் வருவான் என்று அந்தக் குழு சொன்னால், பெட்டியை நானே கட்டிக் கொடுப்பேன். மீதிப் பாடங்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள் வைப்பேன். நாற்பத்தைந்து என்று சொன்னால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஓர் ஆண்டு இரு என்று கெஞ்சுவேன். அப்போதும் அவன் போகத்தான் வேண்டும் என்றால், வழியை மறிக்க மாட்டேன். ஒரு முழங்காலுக்காக ஒரு வீடு எத்தனை வருடம் பேசாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.