பத்துக் கிலோ அரிசிப் பையும் ராஜபாளையத்து நாயும்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, பன்னிரண்டாவது மாடி. செல்வராஜ் ஒரு கிடங்கில் இரவுக் காவல் பார்ப்பவர். கமலா அவர் மனைவி. கணவர் பெரிய திட்டம் எதையாவது சொல்ல வருகிறார் என்று தெரிந்தால் கீரைக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு இரண்டு கட்டு.

செல்வராஜ்: முடிவு பண்ணிவிட்டேன் கமலா. நாய் வளர்த்தால் ராஜபாளையம்தான்.

கமலா: நான் கேட்டது ஷிட்சூ. மடியில் உட்காரும். தலை வாரிக் குடுமி போட்டு ரிப்பன் கட்டலாம்.

செல்வராஜ்: அது நாயா? தரை துடைக்கிற மாப்பு. எங்கள் தாத்தா ஒன்று வைத்திருந்தார் பார், வெள்ளை வெளேர் என்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில். தோப்பில் ஒரு தென்னை மட்டை விழுந்தால் போதும், குரைத்தே ஊரைக் கூட்டிவிடும்.

கமலா: நமக்குத் தோப்பு எங்கே இருக்கிறது? வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி.

செல்வராஜ்: அதிலேயே யாரோ பறிக்கிறார்கள், கவனித்தாயா?

கமலா: பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நம்ம மக்சிக். நான்தான் பறிக்கச் சொன்னேன். பெருநாளைக்கு ஒரு டப்பா ரெண்டாங் கறி வந்ததே, அது எதற்கு வந்தது என்று நினைத்தீர்கள்? உங்கள் தாத்தா நாய் அவர்களைப் பார்த்து ஒரு தரம் உறுமட்டும், அதோடு ரெண்டாங் நின்றுவிடும்.

செல்வராஜ்: (ரெண்டாங் நிற்பது கொஞ்சம் உறைக்கிறது) சரி, திருடன் வந்தால்?

கமலா: லிஃப்டில் பன்னிரண்டு மாடி ஏறி வந்து, இரும்புக் கதவையும் உடைத்து, எதை எடுப்பான்? நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற 4டி லாட்டரிச் சீட்டுகளையா?

செல்வராஜ்: ஊரிலிருந்து ஒரு குட்டியைக் கொண்டுவந்துவிட்டால்...

கமலா: சூட்கேஸிலா? 1953இலிருந்து இந்த ஊரில் வெறிநோய் கிடையாது. சும்மா விடுவார்களா? தடுப்பூசி, இரத்தச் சோதனை, அனுமதி, அதற்கப்புறம் தனிமைப்படுத்தல்.

செல்வராஜ்: கொரோனா நேரத்தில் என்னை 14 நாள் ஓட்டலில் வைத்தார்களே, அந்த மாதிரியா?

கமலா: அந்த மாதிரிதான். நாயாக இருந்தால் மூன்று வேளையும் எனக்கு வீடியோ கால் போட்டு, சாம்பாரில் உப்பில்லை என்று அழாது.

செல்வராஜ்: இங்கேயே நல்ல ஜாதிப் பெரிய நாய் கிடைக்காதா? ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட்?

கமலா: கிடைக்கும். வீவக வீட்டில் வளர்க்கத்தான் விடமாட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் பட்டியலில் இருக்கிற இனம். தோள் உயரம் 40 சென்டிமீட்டர், எடை 10 கிலோ. அதற்கு மேல் கூடாது.

(செல்வராஜ் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துத் தரையிலிருந்து காலோடு வைத்து அளக்கிறார்.)

செல்வராஜ்: 40 என்பது முழங்காலுக்கே வரவில்லையே!

கமலா: ராஜபாளையம் எவ்வளவு இருக்கும்?

செல்வராஜ்: (பெருமையாக) 65க்குக் குறையாது. நல்ல நாயாக இருந்தால் 75.

(கமலா டேப்பைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேசையை அளக்கிறார். 74.)

கமலா: ஆக, அது தலையைத் தூக்கக்கூட வேண்டாம். நின்ற இடத்திலேயே உங்கள் தட்டில் இருக்கிற இட்லியைச் சாப்பிட்டுவிடும். நீங்கள் குனிந்து அதன் தட்டில் சாப்பிடுங்கள்.

செல்வராஜ்: 10 கிலோ என்றால் எவ்வளவு பெரிது?

கமலா: அடுப்படியில் பிரிக்காத பொன்னி அரிசிப் பை இருக்கிறதே, அதுதான்.

(போய்த் தூக்கிப் பார்க்கிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார். அரிசி வாங்கி வருவது எப்போதும் கமலா என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.)

செல்வராஜ்: அரிசிப் பைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று. அதற்கா நான் வீரபத்திரன் என்று பேர் வைப்பது?

கமலா: விதியை மீறினால் 4,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். அந்தக் காசில் குடும்பத்தோடு ஊருக்குப் போய், ராஜபாளையத்தை ஆசைதீரப் பார்த்துவிட்டு வரலாம்.

செல்வராஜ்: தனி வீட்டில் வளர்க்கலாம்தானே?

கமலா: தாராளமாக. 4டி விழட்டும்.

(கொஞ்ச நேரம் கீரை ஆயும் சத்தம் மட்டும்.)

கமலா: உரிமம் வேறு எடுக்க வேண்டும். கருத்தடை செய்த நாய் என்றால் வருடத்துக்கு 15 வெள்ளி. செய்யாவிட்டால் 90.

செல்வராஜ்: சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே காசா?

கமலா: ஒரே காசுதான்.

செல்வராஜ்: பார்த்தாயா! கிலோக் கணக்கு போட்டால் பெரிய நாய்தான் மலிவு.

கமலா: அது என்ன, சந்தையில் மீனா வாங்குகிறோம்? இங்கே பாருங்கள். அந்த நாய்கள் வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. வேலை கொடுக்காமல் அடைத்து வைத்தால் சோபாவைக் கடித்துக் குதறிவிடும். அந்த சோபாவில் ஏற்கெனவே ஒருவர் பகல் முழுக்க வேலையில்லாமல் படுத்திருக்கிறார்.

செல்வராஜ்: ராத்திரி வேலை பார்ப்பவன் பகலில்தான் தூங்குவான்.

கமலா: ராத்திரியும் தூங்குவதாக உங்கள் மேலதிகாரி சொன்னார்.

செல்வராஜ்: (பேச்சை மாற்றி) நடுத்தரமாக ஒன்றும் கிடையாதா?

கமலா: இருக்கிறது. தெருவிலிருந்து மீட்ட கலப்பின நாய்கள், சிங்கப்பூர் ஸ்பெஷல் என்பார்கள். அடோர் திட்டத்தில் வீவக வீட்டுக்கும் தத்துக் கொடுக்கிறார்கள். 55 சென்டிமீட்டர் வரை இருக்கலாம்.

செல்வராஜ்: (எழுந்து நின்று) 15 சென்டிமீட்டர் அதிகம்! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

கமலா: பயிற்சி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூப்பிட்டால் வர, உட்கார் என்றால் உட்காரப் பழக்குவார்கள்.

செல்வராஜ்: நல்லதுதானே.

கமலா: நல்லதுதான். இந்த வீட்டில் கூப்பிட்டால் வருகிற ஒரு ஜீவனாவது இருக்கும். காலை ஆறு மணிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போவது யார்?

செல்வராஜ்: எனக்கு ஏழரைக்குத்தானே வேலை முடிகிறது.

கமலா: ராத்திரி ஒன்பது மணிக்கு?

செல்வராஜ்: அப்போது நான் வேலையில்... (உட்கார்ந்துவிடுகிறார்) ஷிட்சூ என்றால் அர்த்தம் என்ன?

கமலா: சீனத்தில் சிங்கம்.

செல்வராஜ்: நிஜமாகவா? சிங்கப்பூரில் சிங்கம்! இதையும் நீ முதலிலேயே சொல்லவில்லை. குடுமி மட்டும் வேண்டாம், என்ன?

கமலா: ரிப்பன் உண்டு.

செல்வராஜ்: பேர் வீரபத்திரன்.

கமலா: யோசிக்கலாம். எட்டாகிறது, வேலைக்குக் கிளம்புங்கள்.

(தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். அரை நிமிடத்தில் திரும்பி வந்து, இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்கிறார்.)

கமலா: என்ன, சாவியை மறந்துவிட்டீர்களா?

செல்வராஜ்: லிஃப்டுக்கிட்டே அந்த மூலை வீட்டுப் பாட்டி நிற்கிறார்கள். கூடவே அந்தப் பூடில்.

கமலா: அது மூன்று கிலோகூட இருக்காதே.

செல்வராஜ்: எடையை விடு. என்னையே முறைக்கிறது. ஆளைத் தெரியும் அதற்கு.

(கமலா கீரைத் தட்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.)

கமலா: வாருங்கள். லிஃப்டு வரைக்கும் வருகிறேன். என் பின்னாலேயே நடங்கள்.