முதலில் கேளுங்கள், பிறகு கத்தரிக்கோலை எடுங்கள்

மீந்த துணிகளில் தொண்டுக்குத் தைத்துக் கொடுக்கலாம், வீட்டுக்கு வேண்டியதையும் நாமே தைத்துக்கொள்ளலாம் என்ற உங்கள் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். "எதைத் தைத்தாலும் யாருக்காவது உதவும்" என்ற வரியைத்தான் ஏற்க முடியவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கென்று பன்னிரண்டு குல்லாய்கள் தைத்து ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அழகுக்காக ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பொத்தான். செவிலியர் ஒன்றைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. "இது குழந்தையின் வாய்க்குள் போனால்?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். (பொத்தான்கள் இன்னும் ஊசி டப்பாவில் கிடக்கின்றன.) என்ன வேண்டும், என்ன அளவு, எந்தத் துணி என்று முன்பே கேட்டிருந்தால் ஒரு வார உழைப்பு மிஞ்சியிருக்கும்.

சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்குள் பாலியெஸ்டர் பஞ்சு வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, சூடு மிஞ்சினால் கருகும். பழைய பருத்தித் துவாலையை இரண்டு மூன்று மடிப்பாக உள்ளே வைத்து, தடித்த துணிக்கான 16ஆம் எண் தையல் இயந்திர ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால் போதும். ஈரமாக இருக்கும்போது மட்டும் பயன்படுத்தாதீர்கள், ஈரத்துணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

தலையணை உறை தைப்பவர்களுக்கு ஒன்று: புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, தலையணை உள்ளே நுழைய மறுக்கும்.