பசுமை மாறா மரமும் இலை கொட்டும்

"பசுமை மாறா மரம் இலையே கொட்டாது, புங்கனை மதிலிலிருந்து 3 அடி தள்ளி நட்டால் போதும்" என்று, வீட்டு மதிலோரம் நிழல் மரம் வைப்பது பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து அதை நம்பிக் குழி தோண்டாதீர்கள். பசுமை மாறா மரமும் இலை உதிர்க்கும். ஒரேயடியாக இல்லாமல், ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. புங்கன் அப்படிக்கூட இல்லை. மாசி, பங்குனி வாக்கில் பெரும்பாலும் மொட்டையாகி, பிறகு பளபளவென்று துளிர்விடும். கிளையும் அகலமாக விரியும், அதனால் மதிலுக்கும் அதற்கும் 15 அடியாவது வேண்டும்.

எப்போதும் நிழல் வேண்டுமென்றால் மகிழம் வையுங்கள். மெதுவாகத்தான் வளரும்; இடைவெளி அதற்கும் அதே அளவுதான்.

இருப்பதே 3 அடி என்றால் மரம் வேண்டாம், இட்லிப்பூவை 2 அடிக்கு ஒன்றாக வேலிபோல நடலாம். சுண்ணாம்பு மிகுந்த போர்த் தண்ணீர் பாய்ந்தால் அதன் இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணின் காரத்தன்மையால் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். யூரியா போட்டுப் பயனில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள்.