இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் வள்ளத்தைப் பார்த்தா காசு கொடுப்பது?

வேலை செய்யவே முடியாத ஒரு இளைஞனுக்கு அரசாங்கம் தரும் காசு, அவனுடைய நிலைமையைப் பார்த்து அவன் பெயரில் வரவேண்டும். அப்பா அம்மாவிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து அல்ல. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தயவு செய்து வாசியுங்கள்.

இலங்கையின் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் மாதாந்தக் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவும் அப்படித்தான், 22 குறிகாட்டிகளை வைத்து வீடு, சொத்து என்று குடும்பத்தையே அளக்கிறது. பதினெட்டு வயது தாண்டி, வாக்குப் போடும் ஒருவரை எத்தனை வயது வரைக்கும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளையாகவே கணக்கெடுப்பது?

திருகோணமலையில் எங்கள் உப்புவெளிப் பக்கம் இருபத்து மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். மோட்டார் சைக்கிள் விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அதனால் தையல் வேலை செய்துகொண்டிருந்த அம்மா அதை விட்டுவிட்டார், ஆக வீட்டில் அவனுடையதும் அம்மாவுடையதும் என்று இரண்டு வருமானம் போனது. பம்பர்ஸ், கதீட்டர், புண்ணுக்கு மருந்து, கிளினிக் போக ஆட்டோ, இதற்கெல்லாம் பத்தாயிரம் கிடைத்தாலும் மாதத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். அதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவிடம் என்ஜின் பூட்டிய வள்ளம் இருக்கிறதாம். அது கடனில் எடுத்த வள்ளம், கடல் கொந்தளித்தால் நாள் கணக்கில் கரையில்தான் கிடக்கும்.

மூதூர், சம்பூர்ப் பக்கம் 2006 சண்டையில் காயப்பட்ட சின்னப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அப்போது ஐந்து வயது என்றால் இப்போது இருபதைத் தாண்டிய இளைஞர்கள். அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிய பெற்றோருக்கும் வயது போகிறது.

அரச வேலையில் 3 வீத ஒதுக்கீடு 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது, அது ஒழுங்காக நடக்கவேண்டும், சரி. ஆனால் அது வேலை செய்யக்கூடியவர்களுக்கு. படுக்கையில் இருப்பவனிடமும், அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளையிடமும் போய் கோழி வளர்க்கலாமே, சுயதொழில் செய்யலாமே என்று கேட்பது கொடுமை. மனநோய் உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம், கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அது உரிமை என்றுதான் பேசுகிறது. அப்படியென்றால் பதினெட்டு வயதிலிருந்து அவரவர் சொந்த வருமானத்தை மட்டும் பாருங்கள், கூட இருந்து பராமரிப்பவருக்கும் தனியாக ஒரு தொகை கொடுங்கள்.

அதுவரைக்கும், வீட்டில் இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்திருங்கள். வாய்ப்பேச்சில் இல்லையென்று சொன்னால் அத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் அதற்கான காரணத்தைக் கேட்கலாம். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் இன்பொக்ஸில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.