"பீடி, சிகரெட் உண்டா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

பெரியப்பாவுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தபோது வயது 71. மஞ்சக்குப்பத்துக்கும் பாண்டிக்குமாக ஒன்றரை வருஷம் அலைந்தோம். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "பீடி, சிகரெட் உண்டா?" தொட்டதே இல்லை. டி.பி.யாக இருக்கும் என்று ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் நீர் கோத்தது, எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. கடைசியில் ஒரு இளம் டாக்டர்தான், "என்ன வேலை பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சதைப் பரிசோதனை. மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய், பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழையால் வருவது. நான்கு மாசத்தில் போய்விட்டார்.

அவர் 1968 முதல் 1983 வரை கடற்படையில் பாய்லர் ரூமில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் பாய்லர், குழாய் எல்லாவற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்தான் போர்வை. குழாய் ஒழுகினால் அதை உரித்துப் போட்டுவிட்டுத்தான் ரிப்பேர். "பஞ்சு மாதிரி பறக்கும்டா, சாப்பாட்டுத் தட்டுல கூட விழும்" என்பார். நாங்கள் அதைக் கப்பல் கதையாகக் கேட்டு வளர்ந்தோம்.

மூச்சோடு உள்ளே போன ஆஸ்பெஸ்டாஸ் இழை 20, 30, ஏன் 50 வருஷம் கழித்துக்கூட நோயாக வெளிப்படும். பணியிலிருந்து வெளியே வரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் பெரியப்பா முழுத் தகுதி. நோய் பணியால் வந்தது என்று கேட்கும் பெரியம்மாவுக்கு அந்தக் காகிதமே இப்போது எதிராக நிற்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கென்று 2003-ல் வந்த ஈ.சி.எச்.எஸ். திட்டத்தில் சிகிச்சைச் செலவு பெரும்பாலும் தீர்ந்தது, அதற்கு நன்றி. ஆனால் நோய் பணியால் வந்தது என்று ஒப்புக்கொள்வது வேறு விஷயம். சேரும்போது இல்லாத நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், நிரூபிக்கும் சுமை படைவீரர்மேல் இல்லை என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பணியில் இருக்கும்போதே நோயோடு வெளியே அனுப்பப்பட்டவரின் வழக்கு. முப்பத்தைந்து வருஷம் கழித்து இருமுகிறவருக்கும் அதே நியாயம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முன்னுதாரணம் இல்லாமல் கேட்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிற்சாலைக்குச் சொன்னது பாய்லர் ரூமுக்குப் பொருந்தாதா?

பாண்டியில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், நிறைய. அவர்கள் பென்ஷன் வாங்கும் பிரான்ஸ் 1997-ல் ஆஸ்பெஸ்டாஸை அடியோடு தடை செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனி நிதியம் வைத்திருக்கிறது. இறந்தவரின் குடும்பமும் அதில் கேட்கலாம். அதே பிரான்ஸ்தான் கிளெமான்சோ என்ற பழைய போர்க்கப்பலை, உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸோடு, உடைப்பதற்கு நம் குஜராத்தில் இருக்கும் அலாங்குக்கு அனுப்பி, எதிர்ப்புக் கிளம்பியதும் 2006-ல் திரும்ப அழைத்துக்கொண்டது. நாமோ இன்னமும் அந்த ஷீட்டைக் கூரையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். 2011-ல் வந்த 'தானே' புயலில் நொறுங்கியதை வெறுங்கையால் அள்ளியவர்கள்தானே நாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கப்பலில் எஞ்சின், பாய்லர் பக்கம் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். எந்தக் கப்பல், எந்த வருஷம், என்ன வேலை, கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டு எழுதுங்கள். படையிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை ஜெராக்ஸ் எடுத்து, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு அங்கிருந்து தொடங்கலாம். அதற்கு மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சாட்சி சொல்ல ஆள் வேண்டும். பெரியப்பா இருந்தபோதே நாங்கள் பெயர்களைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.