பழைய வண்டிதானே சார், ஓடும்

"பழைய வண்டிதானே சார், ஓடும்." இந்த நான்கு சொற்களைக் கடந்த சில மாதங்களாகக் கடை கடையாக, பட்டறை பட்டறையாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேஸ்கெட் விற்பவர் சொன்னார், பேரிங் கடைக்காரர் சொன்னார், கடைசியாக என் எஞ்சினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதியை, பாழாக்கிக் கையில் கொடுத்த போரிங் (சிலிண்டரை உள்ளே வெட்டிப் பெரிதாக்கும்) பட்டறைக்காரரும் அதையே சொன்னார். அவர் அதைச் சொன்ன நொடியில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வண்டி 1972-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 2. அப்பா வாங்கியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் எங்கள் குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதுகளுக்கும் ஓடிய வண்டி. அதிலிருப்பது 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், மூன்று மெயின் பேரிங், நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 2.875 அங்குலம், அதாவது 73.025 மில்லிமீட்டர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் கரைபுரண்டு வந்தபோது, உப்பலவாடியில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கொட்டகையில் வண்டி பானெட் வரை நீரில் நின்றது. சைலன்சர் குழாய் வழியாக ஏறிய நீர், எந்தச் சிலிண்டரின் வெளியேற்று வால்வு திறந்திருந்ததோ அதற்குள் போய்த் தங்கிவிட்டது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரின் சுவரில் துருவின் குழிகள் தெரிந்தன.

அப்போதுதான் எஞ்சினை முழுமையாகப் பிரித்து, மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டின் போர்ட்டிகோவிலேயே வைத்துத் திரும்பக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அவசரப்படவில்லை. சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்க, கடன் வாங்கிய போர் கேஜையும் எனக்குச் சொந்தமான மைக்ரோமீட்டரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களில், கிராங்க் ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்காகவும், ஆக ஆறு இடங்களில் அளந்தேன். நான் எண்ணைச் சொல்ல, என் மகள் நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். நான்கு சிலிண்டர்களுக்கு இருபத்து நான்கு எண்கள். ஓர் எண்ணில் ஐயம் வந்தாலும் மறுபடி அளந்தோம். பட்டறை வழக்கில் ஒரு தவ் என்பது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். இருபது தவ் போரிங் செய்தால் சுவரின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்து தவ் இரும்பு போகும். அந்தப் பத்துக்குள் தேய்மானமும் துருக்குழிகளும் அடங்கிவிடும் என்று கணக்கு தெளிவாகச் சொன்னது. எனவே இருபது தவ் ஓவர்சைஸ், அதாவது அந்த அளவுக்குப் பெரிதான, பிஸ்டன் செட் ஒன்றை வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்துக் கொடுத்தேன். பிஸ்டனை அளந்து, அதற்குரிய இடைவெளி விட்டுச் சிலிண்டரை வெட்ட வேண்டும் என்பதற்காகத்தான் பிஸ்டனையே கொடுப்பது. நோட்டின் பக்கத்தை நகலெடுத்து பிளாக்கில் ஒட்டியும் அனுப்பினேன். இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளன் என்ன செய்ய முடியும்?

இருபதோடு நிறுத்த வேண்டும் என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிலிண்டர் சுவரிலிருந்து ஒருமுறை எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. இந்த எஞ்சினுக்கு என்னிடம் உள்ள பழுதுபார்ப்புக் கையேட்டில் பத்து, இருபது, முப்பது, நாற்பது தவ் என்று நான்கு ஓவர்சைஸ்கள்தான் இருக்கின்றன. அந்த பிளாக்குக்கு அவை நான்கு ஆயுள்கள். துரு காரணமாக இரண்டை நான் இப்போது செலவழித்தாலும், மீதி இரண்டு என் மகளுக்கு இருக்கும். அவள் வைத்திருந்தால் அவளுக்குப் பின் வருபவர்களுக்கும் இருக்கும். இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் நான் கொடுத்தேன். அவர்கள் நான்கையும் ஒரே மதியத்தில் தின்றுவிட்டார்கள்.

பட்டறை புதுச்சேரியில் இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு வழிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் பாலத்தின் நெரிசல், மரப்பாலம் என்று ஆறு முறை போய்வந்தேன். ஐந்து முறை "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பினேன். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; நல்ல வேலைக்கு நாளாகும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். என் மனைவி மட்டும், "அவங்க ஒரு தடவைகூட உங்களைக் கூப்பிட்டு எதையும் கேட்கலையே, அது எப்படி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அன்றே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

ஆறாவது முறை பிளாக்கைக் கொடுத்தார்கள். ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்த நாள். புதிதாக வெட்டிய சிலிண்டர் சுவர்களில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. மேலே மூட ஒரு பாலித்தீன் தாள்கூட இல்லை. கடலோரத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு, சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முடிந்த வெற்று இரும்பு உப்புக் காற்றில் ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும் என்பது தெரியாதா? சோப்பும் சூடான நீரும் கொண்டு கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கருப்பு ஒட்டாத வரை மீண்டும் கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. மண்ணெண்ணெயில் அலசினால் ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அதுவே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளை அரத்தைப் போல் தேய்க்கும். என் பிளாக்கை விரலால் தொட்டதும் சாம்பல் நிறப் பசை ஒட்டியது. நான் கையோடு கொண்டுபோயிருந்த எண்ணெயை, குட்டி யானையின் பின்புறத்தில் குனிந்து நின்றபடி, நனைந்துகொண்டே பூசினேன்.

வீட்டுக்கு வந்து போர் கேஜை உள்ளே விட்டபோதுதான் உண்மையான இடி இறங்கியது. 2.895 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 2.915. நாற்பது தவ். என் கையில் தவறோ என்று மைக்ரோமீட்டரைச் சரிபார்த்து மீண்டும் அளந்தேன். நாற்பதேதான். அதுவும் நேராக இல்லை: மூன்றாவது சிலிண்டரின் அடியில் 2.915, மேலே 2.919. மேலிருந்து கீழே நான்கு தவ் டேப்பர், அதாவது விட்டம் அவ்வளவு குறுகுகிறது. ஒரு தலைமுடியின் பருமன் அளவுதானே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் நாம் விடும் இடைவெளியே இரண்டு மூன்று தவ்தான். விட்டம் நான்கு தவ் மாறினால் சுற்றளவு பன்னிரண்டு தவ்வுக்கு மேல் மாறும். ரிங்கின் வாய், அதாவது அதன் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி, ஒவ்வொரு ஏற்றத்திலும் அவ்வளவு விரிந்து, ஒவ்வோர் இறக்கத்திலும் அவ்வளவு சுருங்கியாக வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிஸ்டன் வினாடிக்கு நூறு முறை ஏறியோ இறங்கியோ ஓடுகிறது. அந்த ரிங் எத்தனை நாள் தாங்கும்? புது எஞ்சின் கட்டி முதல் மாதமே நீலப்புகை கக்கினால், "வீட்டில் வைத்துக் கட்டினால் இப்படித்தான்" என்று பழி என் மீது வரும், பட்டறையின் மீது வராது.

தொலைபேசியில் கேட்டேன். "இருபதுல சுத்தமாகல சார், அதான் நாப்பது போட்டோம். சிசி கூடும், பவர் கூடும், உங்களுக்கு நல்லதுதானே" என்றார். முப்பது என்று ஓர் அளவு நடுவில் இருப்பது அவர் நினைவுக்கே வரவில்லை. பவர் என்றால், 1,489 சிசி 1,531 ஆகியிருக்கிறது. கூடியது 42 சிசி. இந்த 42 சிசிக்காக மீதியிருந்த இரண்டு ஆயுள்களையும் யாராவது விற்பார்களா? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: "பழைய வண்டிதானே சார், ஓடும்." பிறகு நேரில் போனபோது, அங்கே வேலை செய்யும் இளைஞர் ஒருவர் முதலாளி உள்ளே போன நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: வேறொரு பிளாக்குக்காக மெஷினில் நாற்பது வைத்திருந்தார்களாம், அதே செட்டிங்கில் என்னுடையதையும் ஓட்டிவிட்டார்களாம். நான் ஒட்டி அனுப்பிய தாள் மூலையில் கசங்கிக் கிடந்தது. என் மகளின் கையெழுத்து அதன் மேல் தெரிந்தது.

பழைய வண்டி என்றால் அளக்கத் தேவையில்லை என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நியாயப்படி பார்த்தால் நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்! இன்று ஓடும் ஒரு வண்டியின் பிளாக் பாழானால் புதிய பிளாக்குக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இந்த பெட்ரோல் பிளாக்கை இனி எவரும் வார்க்கப் போவதில்லை. காயலான் கடையில் கிடைப்பது இன்னொருவர் ஏற்கெனவே நாற்பது போட்டு எறிந்ததாகத்தான் இருக்கும். மாற்று இல்லாத பொருளின் மீது கை வைப்பவன்தான் இரண்டு முறை அளக்க வேண்டும்.

நான் எந்த மாற்றமும் கூடாது என்று அடம்பிடிப்பவனும் அல்லன். ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. ஈயம் தந்த பாதுகாப்பு இல்லாமல், வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டப்பட்ட சீட்டுகள், அதாவது வெளியேற்று வால்வு வந்து அமரும் இடங்கள், மெல்ல மெல்ல உள்வாங்கும் என்பதால், கடினப்படுத்திய சீட்டுகளை அடிக்கச் சொன்னேன். பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் வருவதால் ரப்பர் ஹோஸ்களையும் பம்பின் டயாஃப்ரமையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றியிருக்கிறேன். தீப்பொறிக்கான பாயிண்ட் செட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வரப்போகிறது. இவை ஒவ்வொன்றும் காரணம் தெரிந்து, உரிமையாளன் கேட்டுச் செய்த மாற்றங்கள். கேட்காமல் இருபது தவ் கூடுதலாக வெட்டியதை அதே பெயரால் அழைக்க என்னால் முடியாது.

அந்த ஹெட் வேலை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய லேத் பட்டறையில் நடந்தது. தகரக் கூரை, ஒரே மெஷின், ஒரே ஆள். அவர் இரண்டு முறை என்னை அழைத்தார். ஒருமுறை சீட்டின் வெளிவிட்டம் குறித்து, மறுமுறை ஹெட்டின் முகத்தை எவ்வளவு சீவலாம் என்று கேட்க. வேலை முடிந்ததும் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எட்டு வால்வுகளுக்கும் அளவு எழுதிக் கொடுத்தார். எங்கே கற்றீர்கள் என்றேன். புதுச்சேரியில் பஞ்சாலைப் பட்டறையில் டர்னராக இருந்த ஒருவரிடம் என்றார். அந்த ஊர்ப் பஞ்சாலைகளில் பெரியதான ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கெல்லாம் உள்காலிப்பரைத் தொட்ட உணர்விலேயே ஒரு தவ்வைச் சொன்ன கைகள் எத்தனையோ இருந்தன. ஆகவே, இந்த ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய மெஷினும் பெரிய பலகையும் வைத்திருப்பவர் அளக்க மறுக்கிறார் என்றுதான் சொல்கிறேன். கூலியில் நான் ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. பில் கேட்டபோது மட்டும் "பில்லுன்னா கூட ஆகும் சார்" என்றார். பயன்படாமல் போன இருபது தவ் பிஸ்டன் செட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டேன் என்கிறார். பெட்டி பிரித்ததைச் சொல்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.

பிளாக்கைக் காப்பாற்ற இப்போது ஒரே வழிதான் மிஞ்சியிருக்கிறது. நான்கு சிலிண்டர்களையும் இன்னும் பெரிதாக வெட்டி, ஸ்லீவ் என்னும் இரும்புக் குழாயை உள்ளே இறக்கி, அந்த ஸ்லீவைப் பழைய 2.875-க்கே வெட்ட வேண்டும். செலவு முதல் வேலையைப் போலப் பல மடங்கு. செய்யத்தான் போகிறேன், வேறு பட்டறையில், மெஷினின் பக்கத்திலேயே நின்று. ஆனால் அதற்கு முன் வரும் திங்கட்கிழமை பிளாக்கை மீண்டும் வண்டியில் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகிறேன். போர் கேஜை முதலாளியின் கையில் கொடுத்து, மூன்றாவது சிலிண்டரின் மேலேயும் கீழேயும் அவரையே அளக்கச் சொல்லி, வருகிற இரண்டு எண்களையும் என் மகளின் நோட்டில் அவர் கையாலேயே எழுதி வாங்குவேன். ஸ்லீவ் செலவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.