சின்னப் புள்ளைங்க முன்னாடி வாசிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்து தொடக்கப் பள்ளிக்கு நானும் நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணனும் போயிருந்தோம், நான் தவில். அஞ்சாவது வரைக்கும் சேத்தே 43 புள்ளைங்கதான். வேப்பமரத்தடியில உக்காந்து தவில் அடிக்க விரல்ல கூட்டை மாட்டினதும் ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு கிட்ட வந்து "சார், வண்டியிலேந்து விழுந்துட்டீங்களா, விரலெல்லாம் கட்டு போட்டிருக்கு"ன்னு கேட்டுச்சு. யோசிச்சு வெச்சிருந்த அறிமுகப் பேச்செல்லாம் அங்கயே காலி. துணியில பசை தடவி விரல்ல சுத்தி காயவெச்ச கூடும்மான்னு சொல்லி ஒண்ண கழட்டிக் குடுத்தேன், அது 43 விரல்லயும் ஏறி இறங்கி ஒரு வழியா என்கிட்ட திரும்பி வந்துச்சு.

இதைத்தான் சொல்ல வர்றேன். சின்னப் புள்ளைங்களுக்கு வாசிக்கிறதுன்னா தொடவிடணும், சத்தம் போடவிடணும். நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு கூப்ட்டிருந்தாங்க. ஒண்ணரை மணி நேரம் சீஃப் கெஸ்ட் பேச்சு, புள்ளைங்க எல்லாம் வாயில விரல வெச்சுக்கிட்டு ஷாமியானா வெக்கையில, அப்புறம் எங்களுக்கு பத்தே நிமிஷம். முதல் வரிசையில ஒரு பையன் தொடையில சரியா தாளம் போட்டுக்கிட்டிருந்தான், டீச்சர் வந்து கையிலயே ஒண்ணு வெச்சாங்க. அந்தக் கூட்டத்துல நான் வாசிச்சத கேட்டதே அவன் ஒருத்தன்தான்யா!

தப்பு எங்க பக்கமும் இருக்கு, மறைக்கல. முதல் தடவ ஒரு ஸ்கூல்ல அண்ணன் பெரிய ராகமா எடுத்து ஆலாபனையே பன்னெண்டு நிமிஷம் போயிட்டார், அஞ்சாவது நிமிஷத்துலயே எல்லாரும் மரத்துல அணில் பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் நான் தவில்ல ஒரு அடி போட்டேன் பாருங்க, கிட்ட உக்காந்திருந்த ஒண்ணாப்பு புள்ள காத பொத்திக்கிட்டு ஓன்னு அழுதுருச்சு. இப்பல்லாம் வாசிக்கும்போது பதினஞ்சு அடி தள்ளித்தான் உக்கார வைக்கிறது, மைக் கிடையவே கிடையாது.

இப்ப அண்ணன் முதல்ல சீவாளிய, அதான் நாதஸ்வரத்துல வாய் வெச்சு ஊதுற துண்ட மட்டும் கழட்டி ஊதிக் காட்டுவார், வாத்து கத்துற மாதிரி கேக்கும், சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் அதையே நாதஸ்வரத்துல சொருகி வாசிச்சா கப்சிப். இந்த நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டைங்கிற ஊர்ல செஞ்சது, பழைய வீட்டை இடிச்சா கிடைக்கிற ஆச்சா மரத்து உத்திரத்துல கடையறதுன்னு சொன்னா வாயப் பொளந்துக்கிட்டு கேக்கும்ங்க. அந்த ஊர் நாதஸ்வரம் 2022ல புவிசார் குறியீடு வாங்கின கதையெல்லாம் டீச்சருக்கு, புள்ளைங்களுக்கு உத்திரம் போதும்.

அடுத்தது ஜதி, தாளத்த வாயால சொல்ற சொல்லு. மூணு எண்ணிக்கை திஸ்ரம், நாலு சதுஸ்ரம்னு ஆரம்பிச்சா ஒருத்தன் நிக்க மாட்டான், அதனால சத்துணவு சாம்பார்லேந்து ஆரம்பிக்கிறது. தக்காளி மூணு, தகிட. கத்திரிக்கா நாலு, தகதிமி. கொத்தவரங்கா அஞ்சு, தகதகிட. தக்காளியும் கத்திரிக்காயும் சேத்தா ஏழு, அதான் மிஸ்ரம். கைதட்டிக்கிட்டே கத்தவிட்டா மூணாவது சுத்துல தாளம் கெட்டியா நின்னுரும், நான் அது மேல வாசிப்பேன். ஒரு வாண்டு எந்திரிச்சு "கத்திரிக்கா கொத்தவரங்கா போட்டா ஒம்போது சார்"னான், ஒம்போது எண்ணிக்கை சங்கீர்ணத்த அவனாவே கண்டுபிடிச்சுட்டான். எனக்கு அது புரியவே குருநாதர்கிட்ட எத்தன குட்டு வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.

சினிமா பாட்டு வாசிக்கலாமான்னு சில பெரியவங்க மூஞ்சிய சுளிக்கிறாங்க. தாராளமா வாசிக்கலாம், அவங்களுக்கு தெரிஞ்ச பாட்டுலேந்துதானே உள்ள கூட்டிட்டு வரமுடியும். அப்புறம், புள்ளைங்களுக்குத்தானேன்னு பொன்னாடையும் டீயும் குடுத்து அனுப்பாதீங்க, பஸ் காசாவது குடுங்கய்யா.

போன வாரம் அதே ஊர்ல சாமி புறப்பாடு. புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி போய்க்கிட்டிருக்கு, கூட்டத்துக்குள்ளேந்து "சார், கொத்தவரங்கா!"ன்னு ஒரு குரல். அண்ணன் சிரிச்சதுல சீவாளி வாத்து மாதிரி ஒரு கத்து கத்திருச்சு.